கண்டியில் நான் சேராத வகுப்பு

இறம்பொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் நான் ஒருத்தி. படிப்பை நிறுத்தியதும் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கரைப்பது, துணி மாற்றுவது, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடுவது. எனக்குப் பிடித்தது அந்த ஓட்டம்தான். ஆள் குறைந்த நாள்களில் டாக்டரய்யா என்னையே புண் கழுவிக் கட்டச் சொல்வார். ஒருநாள் அவர் என் வேலையை அப்பாவிடம் புகழ்ந்து பேசிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது முற்றிய கிளைகளைக் கழித்துவிடுகிறவர். இறம்பொடைக் கடையில் யாரோ ஒட்டியிருந்த நோட்டீஸை அவர்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டு வந்தார். கண்டியில் தனியார் மருத்துவமனை ஒன்று டாக்டர்களுக்கு உதவியாளர்களைப் பயிற்றுகிறதாம். ஒரு வருடம், ஐந்நூறு ரூபாய், முடிவில் சர்டிபிகேட். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மாதம் நூறு ரூபாய்க்குக் குறையாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்காமலே அம்மாவின் காதுத் தோட்டை அடகு வைத்து, கண்டிக்குச் சாமான் எடுக்கப் போகும் அதே கடைக்காரரிடம் நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தனுப்பிவிட்டார். மீதி நானூறையும் அவரே வட்டிக்குத் தருவதாகப் பேச்சு.

எனக்கும் ஆசைதான். வெள்ளை உடுப்பை நினைத்துப் பார்க்காத நாளில்லை. ஆனால் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து கணக்குக் கூட்டிப் பார்த்தேன். ஐந்நூறு கட்டணம், அதற்கு வட்டி, அதோடு ஒரு வருடம் என் சம்பளமும் வீட்டுக்கு வராது. நூறு ரூபாய் வேலை உடனே கிடைத்தால்கூட, வீட்டுச் செலவும் என் செலவும் போகக் கடன் அடைய இரண்டு வருடத்துக்குமேல் ஆகும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

சேருவதற்குக் கையெழுத்துப் போட இருவரும் கண்டிக்குப் போனோம். புசல்லாவை வளைவுகளில் எனக்கு வாந்தி. அப்பா தன் தோள் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். மருத்துவமனைக் கந்தோரில், பணம் கட்டும் அலுவலக அறையில், அவரை உட்கார வைத்தார்கள். நான் முகம் கழுவத் தண்ணீர்க்குழாய் தேடிப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பெண் இரத்தக்கறை படிந்த தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. திம்புள்ளத் தோட்டமாம்.

"இங்க படிக்கிறீங்களாக்கா?"

"படிச்சு முடிச்சு எட்டு மாசமாச்சு."

அரசாங்க வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவள் குழாயை மூடினாள்.

"போனேன். சர்டிபிகேட்ட வாங்கிப் பாத்தாங்க. நல்லாருக்குன்னாங்க. பொறவு பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கன்னு கேட்டாங்க. அது எங்ககிட்ட ஏது? அப்பா மனுப் போட்டு வருசக்கணக்காச்சு."

அதனால் படித்த இடத்திலேயே நாற்பது ரூபாய்க்கு இருக்கிறாள். அதில் இருபத்தைந்து கடனுக்குப் போகிறது. படித்ததில் அவளுக்கு வருத்தம் இல்லையாம், வேலை பிடித்திருக்கிறதாம். முதலிலேயே ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் அவள் மனக்குறை.

இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று தோட்டத்து ஆள்களுக்கு மனுப் போட்டால்தான் பிரஜாவுரிமை; எங்கள் வீட்டு மனுவும் பதிலில்லாமல் அப்படியே கிடந்தது. கந்தோருக்குத் திரும்பிப் போய், பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். படிப்பிப்பது மட்டுமே தங்கள் பொறுப்பு என்றார். முன்பணம் திருப்பித் தரப்படாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்பாவின் கையில் பேனா இருந்தது.

"வேணாம்ப்பா. போலாம்."

பஸ் கம்பளையைத் தாண்டியது. நான் திம்புள்ளப் பெண் சொன்னதையும், நான் கூட்டிப் பார்த்த கணக்கையும் மெதுவாகச் சொன்னேன். வெளியே பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரிதான் தாயி," என்றார் கடைசியில். "அதான் மனசு கேக்கல."

அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபமில்லை, வெட்கம் என்று இப்போது நினைக்கிறேன். நூறு ரூபாய் போய்விட்டது.

தோட்டத்துக்கு வரும் மருத்துவச்சியம்மாவிடம் வேறு வழி உண்டா என்று நானே கேட்டேன். ஹட்டன் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்றார். மூன்று வருடம். கட்டணம் கிடையாது, சாப்பாடும் பதினைந்து ரூபாயும் தருவார்கள். சர்டிபிகேட் இல்லை, கடிதம் மட்டும்தான். ஆனால் அந்தக் கடிதத்தைத் தோட்டங்களை நடத்தும் துரைமார் மதிப்பார்கள். மூன்று வருடம் தட்டுக் கழுவவா என்று அப்பா முகம் சுளித்தார். அம்மாதான் முடித்து வைத்தாள்.

"தோட்டுக்கு நான் வட்டி கட்டிக்கிறேன். அவ கடனில்லாம போகட்டும்."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளிலும், அன்றே கையில் தரும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து ஒன்றரை வருடத்தில் தோட்டை மீட்டாள்.

ஹட்டனில் இரண்டாம் வருடம் ஓர் இடம் காலியானபோது திம்புள்ளப் பெண்ணுக்குக் கண்டி மருத்துவமனை விலாசத்தில் கடிதம் போட்டேன். நாற்பது ரூபாயை விட்டு, துரைமார் மதிக்கும் அந்த மிஷன் கடிதத்தை நம்பி வந்தாள். ஊசி போடுவதிலும் கட்டுக் கட்டுவதிலும் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. ஓர் அறையில்தான் படுத்தோம். மூன்றாம் மாதம் பெட்டியைக் கட்டினாள். பதினைந்து ரூபாய் அவள் கடனின் வட்டிக்குக்கூடப் போதவில்லை. கண்டிக்காரர்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றாள். என்னிடம் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு ரூபாய் இருந்தது. கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. பஸ் ஏறும்வரை கூடவே நின்றேன். கடன் இல்லாதவளாக நான் அங்கே நின்றது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கண்டி வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள் அதே வகுப்பில் படித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவர்களுக்குப் பத்திரம் இருந்தது. அவளை வெள்ளை உடுப்பில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருடம் முடிந்ததும் இறம்பொடைக்குப் பக்கத்திலேயே வேறொரு தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளம் எழுபது ரூபாய். முதல் மாதமே அப்பா வந்தார். கவ்வாத்துக் கத்தி விரலில் பட்டுவிட்டதாம். அவர் தோட்டத்திலேயே டிஸ்பென்சரி இருக்கும்போது நான்கு மைல் நடந்து வந்திருந்தார். மற்றவர்களோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினார். காயம் பெரிதில்லை. கழுவி மருந்து போட்டுக் கட்டினேன். எவ்வளவு நாளில் ஆறும் என்று கேட்டார்; நான்கு நாள் என்றேன். தலையாட்டிவிட்டு எழுந்து, அடுத்த ஆளுக்கு இடம்விட்டார்.