மியூசியத்துச் சாமி அறையில்

வெட்கத்தால் ஆறு வருடமாக இதை எழுதத் தயங்கினேன். அந்தக் காலத்து வியாபாரி ஒருவரின் வீட்டை மியூசியமாக்கியிருந்தார்கள். பார்க்கப் போனோம். சாமி அறையில், முருகன் படத்தின் முன் தட்டில் வெள்ளைப் பொடி இருந்தது. கும்பிட்டு, நான்கு வயது மகளின் நெற்றியில் பூசினேன். வழக்கம்போல் ஒரு சிட்டிகையை அவள் வாயில் போடப் போனேன்.

காவலாளி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டு, மலாய் கலந்த தமிழில் பதறினார். “அலமாக்! அக்கா, அது எறும்பு மருந்து லா!”

“சாமி முன்னால வச்சா திருநீறுன்னுதானே நெனைப்போம்?”

“எறும்புக்குச் சாமி ரூம்னு தெரியுமாக்கா? மொதல்ல பாப்பா நெத்தியக் கழுவுங்க!”

முருகன் புண்ணியத்தில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் யாரும் கையில் தராத எதையும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. இதைப் பிறரிடம் சொல்லுங்கள். ஆனால் பழியை அந்த மியூசியத்தின் மேல் போடாமல், கேட்காமல் எடுத்தவள் நான்தான் என்று உள்ளபடியே சொல்லுங்கள்.