யாருக்காகவும் நிற்காத வண்டி

எங்கள் அண்ணன் செஞ்சியை அடுத்த வல்லத்தில் பிறந்தார். திண்டிவனத்தில் உறவினர் வீடுகளில் சாப்பிட்டுப் பள்ளி முடித்த அவரைப் பட்டணத்துக்கு அனுப்பி பி.காம். படிக்க வைத்தவர் எங்கள் தாய்மாமா. தங்கை நான் அதை மறுக்கவில்லை. மறுத்தாலும் மாமா விடமாட்டார். அவர் அதைச் சொல்லிக்காட்டாத ஆள் ஊரில் இல்லை.

மாமாவும் கூட்டாளிகளும் திண்டிவனம்–விழுப்புரம் பஸ் நடத்தினார்கள். அண்ணனை மானேஜராக்கி, போர்டில் அவருடைய பட்டத்தைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவர்களுக்குப் பட்டம் வேண்டியிருந்தது. படித்தவர் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

முதலாளி வீட்டார் குளித்துச் சாப்பிட்டு வரும்வரை வண்டி காத்திருப்பது அங்கே வழக்கம். ஒருநாள் மாமாவுக்காக நின்ற வண்டியால் பயணிகள் விழுப்புரத்தில் ரயிலைத் தவறவிட்டார்கள். தாயின் சாவுக்குப் போக வேண்டிய ஒருவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுததை அண்ணன் பார்த்தார். மறுநாளே, யாருக்காகவும் வண்டி நிற்காது என்று ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்.

அண்ணனிடமும் குறை உண்டு. மாமா வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அதைக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை போலும்.

அடுத்த முகூர்த்த நாளில் மாமாவை விட்டுவிட்டு வண்டி போய்விட்டது. மாலையில் அவர் ஆபீசில் கத்தினார்: "பி.காம். படிச்சி இன்னாடா கிழிச்ச? மாமனுக்கு வண்டிய நிறுத்தத் தெரியல!"

"டிக்கெட்டு வாங்கினவங்க ரயில வுட்டுட்டு அழுவுறாங்க மாமா. அவுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நாளையிலேர்ந்து எம் மாப்ள பாத்துக்குவாரு."

மாப்பிள்ளை வந்தார். வண்டிகள் மறுபடி காத்து நின்றன, ஜனங்கள் நிற்கவில்லை. யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, கம்பெனி மூழ்கியது. "பி.காம். படிச்சவனாலயே முடியல" என்று இன்றும் அண்ணன் தலையில் பழி போடுகிறார்கள். அந்தப் படிப்பு ஒரு கம்பெனியை நடத்த அவருக்குக் கற்றுத் தந்தது. நடத்த விடுவதற்குத்தான் குடும்பத்தில் ஆள் இல்லை. வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியில் குமாஸ்தாவாக இருந்தே, அண்ணன் நெஞ்சு நோயில் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இறுதிச் சடங்கன்று, பாடை கட்டி முடிந்தும், மாமா வரட்டும் என்று பெரியவர்கள் காத்து நின்றார்கள். வெயில் ஏறியது. அண்ணி எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எடுங்க. அவரு யாருக்காகவும் நிறுத்தமாட்டாரு."

எடுத்தார்கள். மாமா வந்தபோது வாசல் கழுவியிருந்தது.

அன்று நேரத்துக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.