பக்கத்து மேசையிலிருந்து தேர்தலுக்கு

ஆக்லாந்து நகரின் பென்ரோஸ் பகுதியில் ஒரு சாமான் கிடங்கின் மேல்மாடியில்தான் எங்கள் வாரப் பத்திரிகையின் அலுவலகம் இருந்தது. என் பக்கத்து மேசையில் ஒரு டென்மார்க் பெண்மணி. அங்கே வானொலிச் செய்தியாளராக இருந்தவர், இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆக்லாந்துக்கு வந்திருந்தார். ஆங்கிலத்தை நிதானமாகத்தான் பேசுவார். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் யாரும் எழும்பிப் போக முடியாது.

நகரின் மேற்கே ரானுயியில் பெருமழை பெய்தால் ஒரு தெருவுக்குள் ஓடைத் தண்ணீர் ஏறிவிடும். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். அந்தத் தண்ணீர் வடியும் கால்வாயை யாரும் அகலப்படுத்தவில்லை. ஒரு குளிர்காலத்தில் அந்தத் தெருவில் தனியாக இருந்த முதியவர் ஒருவரை முழங்காலளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் படம் எடுத்தேன். என்னோடு வந்திருந்த அவர் எதையும் குறித்துக்கொள்ளாமல் நின்றார். திரும்பும்போது காரில் சொன்னார்: "எழுதி அலுத்துவிட்டது. உள்ளூர்ச் சபைக்கு நிற்கப் போகிறேன்."

பகிடி என்று நினைத்தேன். அந்தக் கிழமையே வேலையை விட்டுவிட்டார்.

வாக்குக் கேட்கத் தமிழ் வீடுகளுக்குத் தன்னோடு வரும்படி என்னைக் கேட்டார்.

"நாளைக்கு உங்களைப் பற்றி நான்தான் எழுதவேண்டி வரும். வரமாட்டேன்" என்றேன்.

"சரிதான்" என்றவர், அடுத்ததாக என் மனைவியைக் கேட்டார். அவள் போனாள்.

ஏவன்டேலில் ஒரு வீட்டில் நடந்ததை மனைவி வந்து சொன்னாள். கதவைத் திறந்த யாழ்ப்பாணத்து அம்மா, "வோட்டெல்லாம் எங்களுக்குத் தெரியாது பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார்.

"இவ டென்மார்க் ஆள் அன்ரி" என்றிருக்கிறாள் மனைவி.

"டென்மார்க்கோ? என்ர தங்கச்சி குடும்பம் அங்கதானே! நில்லுங்கோ, கோல் எடுத்துத் தாறன்."

தங்கச்சியின் மகள் வீடியோவில் வந்தாள். அங்கே பிறந்த பிள்ளை. வேட்பாளர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அவளோடு டேனிஷில் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"வோட்டுக் கேக்கவே மறந்து போனா. கண்ணும் கலங்கிப் போச்சு" என்றாள் மனைவி.

சொற்ப வாக்குகளில் வென்றார். ஆனால் முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே கால்வாய் வேலை தள்ளிப்போடப்பட்டது. அவரும் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியிருந்தார். நான் பேட்டிக்குப் போனேன்.

"இதைப் பத்திரிகையில் போடாமல் கதைக்கலாமா?" என்று கேட்டார்.

"முடியாது" என்றேன். என் பக்கத்து மேசையில் இருந்த காலத்தில் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கதிரையை என் பக்கம் திருப்பினார். "நூலகத்தை மூடுவதா, கால்வாயைத் தள்ளிப்போடுவதா என்று வந்தது. நான் நூலகத்தைக் காப்பாற்றினேன். அந்தத் தெருக்காரர்கள் என்னைத் திட்டினால் அது நியாயம். அப்படியே எழுதுங்கள்."

அப்படியே எழுதினேன். பத்திரிகை வெளிவந்த அன்று அவர் அந்தத் தெருவுக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். இன்னொரு பெண் வாசலிலேயே நிற்கவைத்துச் சத்தம்போட்டார். இவர் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அன்றைக்கு அது குறைந்தது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் விடாமல் வாதாடிக் கால்வாய்க்கு அனுமதி வாங்கினார். வேலை முடிவதற்குள் தேர்தல் வந்தது. தோற்றுப்போனார். கால்வாய் வேலை பிறகு முடிந்தது; போன மழைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் ஏறவில்லை.

இப்போது ஞாயிறு சந்தையில் அவரைச் சில வேளை காண்கிறோம். கீரைக் கட்டும் கையுமாக நிற்பவரை மறித்து, பஸ் வரவில்லை என்று யாராவது முறையிடுவார்கள். பதவியில் இல்லை என்று அவர் சொல்வதில்லை. எந்தப் பஸ், எந்தத் தரிப்பிடம் என்று கேட்கத் தொடங்குகிறார்.