என் கார் சக்கரமும் அவருடைய ஃப்ளெக்ஸும்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். என் கணவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கே.கே. நகரிலிருந்து நாகமலை புதுக்கோட்டையில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் காரில்தான் போய்வருகிறேன். வண்டி பழசு. ஆனால் சக்கரங்கள் அழகு. பெயிண்ட், லாக்கர் பூச்சு எதுவும் இல்லாமல் வெறும் அலுமினியத்தையே பாலிஷ் போட்டு மினுக்கியவை. சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் அதில் படக்கூடாது என்று வண்டியை விற்றவர் அழுத்திச் சொல்லியிருந்தார்.

பரீட்சைத்தாள் திருத்தும் நேரம். கழுவ நேரமில்லாமல், பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த வாட்டர் வாஷில் வண்டியை விட்டேன். அழுக்குப் போக அடிக்கும் ஆசிட் என் சக்கரத்துக்கு வேண்டாம் என்று முதலாளியிடமே சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் நான்கு சக்கரமும் மோர் காய்ந்த டம்ளர் மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஆசிட் அடித்தீர்களா என்று கேட்டேன்.

"பழைய வீலு மேடம். அழுக்கு போகவும் உள்ள இருந்தது தெரியுது, அம்புட்டுதான். நாளைக்கு சாரை வரச்சொல்லுங்க, அவருகிட்ட வெவரமா சொல்றேன்."

"காரு என்னுது. கேக்குறது நானு. வெவரத்த எங்கிட்டயே சொல்லுங்க."

 அவர், கெமிக்கல் விற்கிறவரிடம் காட்டிக் கேட்பதாகச் சொல்லி ஒரு சக்கரத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதோடு சரி. போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் ஆள் இல்லை என்றார்கள். ஒவ்வொரு காலையும் அந்தச் சக்கரங்களைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மாதா கோவில் பீடத்தின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் தேய்த்துப் பழகிய கை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்து, சொரசொரப்பானதிலிருந்து நைசானது வரை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளும், அலுமினியத்துக்கான பாலிஷும் வாங்கிவந்தேன். சனிக்கிழமை போர்ட்டிகோவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தேன். தெருவில் போன ஒருவர், சார் ஊரில் இல்லையா என்று கேட்டார். சார் என் பக்கத்தில்தான் தரையில் உட்கார்ந்து பேப்பரை நனைத்துத் தந்துகொண்டிருந்தார்.

வெளுப்பு முழுசாகப் போய்விட்டதா என்று என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் விரலால் தடவிப் பார்த்து, "இங்கன இன்னும் சொரசொரங்குது" என்பார். நான் அந்த இடத்தையே மறுபடி தேய்ப்பேன். பிறகு பாலிஷைப் பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தபோது கறுப்பாக மை வந்தது. அதைத் துடைத்த இடத்தில் என் முகம் தெரிந்தது. இடுக்குகளுக்குப் பல்துலக்கும் பிரஷ். மறுநாள் பூசைக்குப் போய்வந்து மிச்சத்தையும் முடித்து, மேலே மெழுகு பூசினேன். ஒரு சக்கரத்தில் மட்டும் ஆசிட் தின்ற சிறு சிறு பள்ளங்கள் போகவேயில்லை. என் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வண்டியை நேராக அந்த வாட்டர் வாஷுக்கு விட்டேன். முதலாளியிடம் நான் எதிர்பார்த்தது தப்புதான் என்ற ஒரு வார்த்தை மட்டும். அவரோ குனிந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, எங்கே கொடுத்துச் செய்தீர்கள் என்று விசாரித்தார். நானும் என் வீட்டுக்காரரும் செய்தோம் என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் அந்த வழியே போகும்போது கடை வாசலில் புது ஃப்ளெக்ஸ் தொங்கியது. ஒரு பக்கம் வெளுத்த சக்கரம், மறுபக்கம் மின்னும் சக்கரம், நடுவில் 'எங்கள் கைவண்ணம்' என்று கொட்டை எழுத்து. மின்னும் சக்கரத்துக்குள், அவர் படம் எடுத்த அன்று நான் கட்டியிருந்த ஊதாச் சேலை அப்படியே தெரிந்தது.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன்.  கழுவக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்மா ஒரு வெளம்பரத்துக்குத்தான் மேடம். உங்க வண்டிக்கும் பெருமைதான?" என்றார்.

"தம்பி, உங்க கைவண்ணம் மொத படம் மட்டும்தான். அத வேணா வச்சுக்கங்க. ரெண்டாவது எங்க வீட்டு வேலை."

காத்திருந்த பெரியவர் ஒருவர், இங்கே ஆசிட் அடிப்பீர்களா என்று அவரைக் கேட்டார். முதலாளி போனைப் பார்க்க ஆரம்பிக்கவும், பெரியவர் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் முதலாளி ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். கயிறு அவிழ்ந்து ஃப்ளெக்ஸ் கீழே விழும்வரை நான் அங்கேயே நின்றேன். என்னைக் கேட்காமல் மாட்டியது தப்பு என்று அவர் சொல்லவில்லை. இறங்கியதும், ஃப்ளெக்ஸ் அடித்த காசு வீண் என்று கூட இருந்தவரிடம் சலித்துக்கொண்டார்.

முதல் பீரியடுக்குத் தாமதமாகத்தான் போனேன். போர்டில் தேதியைத் தப்பாக எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அதன் பிறகுதான் பாடத்தை ஆரம்பித்தேன்.