மெஷின் நின்ற பிறகும் ஆடிய கை

முதலில் நான் சந்தேகப்பட்டது மெஷினைத்தான். பனியன் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேலாக துணி ஓரங்களைச் சேர்த்தடிக்கும் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். மோட்டாரை அணைத்த பின்னும் வலது கைக் கட்டைவிரல் மடியில் தனியாக ஆடியது. மெஷினின் அதிர்வு கையில் தங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். எங்கள் லைனில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். மெக்கானிக்கைத் தொல்லை செய்து மெஷினுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். பிறகு மெஷினையே மாற்றிக்கொண்டேன். விரல் அடங்கவில்லை.

பொங்கலுக்கு ஊரே கம்பெனிகளைப் பூட்டிவிட்டுக் கிளம்பியது. லீவில் கை தேறிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. திரும்பி வந்த அன்று, டீ நேரத்தில், பக்கத்து மெஷின் ஜெபமணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"யக்கா, தைக்கும்போது ஒங்க கை ஆடல. சும்மா இருக்கும்போதுதான் ஆடுது. இது மிஷின் கோளாறு இல்லக்கா. டாக்டர்ட்ட காட்டுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. சில நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பயம் கோபத்தை முந்திக்கொண்டது.

கோயம்புத்தூரில் நரம்பியல் டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார். நடக்கையில் என் வலது கை வீசாமல் தொங்குவதை அவர் சொல்லித்தான் கவனித்தேன். பார்க்கின்சன் (அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் மெல்லக் குறையும் நோய்) என்றார். முற்றாகக் குணமாகாது, ஆனால் மாத்திரையால் நன்றாகச் சமாளிக்கலாம் என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: தொடர்ந்து தைக்க முடியுமா? எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது, ஆனால் இப்போது நிறுத்தத் தேவையில்லை என்றார்.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) எழுதித் தந்தார். நான் தொடங்கவில்லை. தொடங்கினால் நோயை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற வீம்பு.

அந்த நேரத்தில், பியூட்டி பார்லர் வைத்திருக்கும் என் அண்ணன் மகள் குளூட்டாதயோன் ட்ரிப்ஸ் பற்றிச் சொன்னாள். நிறம் கூட்ட ஏற்றுவதுதான், பார்க்கின்சனுக்கும் நல்லதாம். நடுக்கமும் போகும், அத்தைக்குக் கலரும் வரும் என்றாள். ஐம்பது வயதில் வெள்ளையாகி நான் யாரிடம் காட்டப் போகிறேன்? ஆனாலும் ஆசை விடவில்லை. என் வீட்டுக்காரர்தான், டாக்டரம்மாவைக் கேட்காமல் ஊசி வேண்டாம் என்று பிடிவாதமாகக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குளூட்டாதயோன் (மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு மூலக்கூறு) நம் செல்கள் தாமே செய்துகொள்வது என்றார். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் அந்த ஆக்சிஜனாலேயே சிதைவதை இது தடுக்கிறதாம். பார்க்கின்சன் உள்ளவர்களின் மூளையில், பாதிக்கப்பட்ட பகுதியில் இது குறைந்திருப்பதும் உண்மை. ஆனால் அது காரணமா, விளைவா என்று தெளிவாகவில்லை. கையில் ஏற்றுவது மூளைக்குள் எளிதில் போகாது, நோய்க்குப் பலன் தரும் என்றும் நிரூபணமாகவில்லை.

"ஏனுங்க, நேரா மூளைக்கே ஏத்த முடியாதுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"முடியாதுங்க. அவங்க ரத்தம் அந்தக் குளூட்டாதயோனை இந்த நிமிசமும் தானே செஞ்சுட்டுத்தான் இருக்குது. அதை அதும்பாட்டுக்கு விடுங்க. நீங்க மாத்திரைய மட்டும் நேரத்துக்குக் குடுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் கேட்காமல், யாரும் ஏற்றாமல், இந்த உடம்பு இத்தனை காலமும் என்னைக் காத்திருக்கிறது. அழுகை வந்தது. மறுநாள் சாப்பாட்டுக்கு முன் முதல் மாத்திரையைப் போட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை இலகுவானது. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. என் நாளை முன்பு கம்பெனிச் சங்கு பங்கு போட்டது, இப்போது மாத்திரை பங்கு போடுகிறது. மருந்து வேலை செய்யும் நல்ல நேரம் எது, அது குறைந்து கை இறுகும் நேரம் எது என்று கை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த நல்ல நேரத்தில் என் தையல் இன்னும் கோணுவதில்லை.

டீ நேரத்தில் மோட்டார்கள் நிற்கும்போது கட்டைவிரல் இன்றும் லேசாகத் தொடங்கும். முன்பு முந்தானைக்குள் ஒளித்துவைப்பேன். இப்போது மெஷின் மேல் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறேன். ஜெபமணி அதைப் பார்த்துவிட்டு, டீயை என் இடது கையில் கொடுப்பாள்.