கோல்டு மெம்பர்

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வயதில் ஆளுக்கொரு மகள். இரண்டு பேருக்கும் வரன் தட்டிக்கொண்டே போனது. அப்போது கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. கம்ப்யூட்டரிலேயே கல்யாணம் அமைகிறது என்றார்கள். ஆட்டை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு, மகளின் போட்டோவோடு பஸ் ஏறினேன்.

சென்டர் நடத்திய பெண் விவரம் சொன்னாள்.

“போட்டோ போட காசு கிடையாது, அண்ணாச்சி. நம்பர் பாக்கணும்னாத்தான் பணம் கெட்டணும்.”

“எம் மவ நம்பர நான் பாக்கதுக்குக் காசா?”

“உங்க நம்பரு இல்ல. மாப்பிள்ள வீட்டு நம்பரு.”

மூன்று மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் என்றாள். முகம் பார்க்கச் சும்மா, பேசக் காசு. நான் சும்மா உள்ளதிலேயே சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். யாரும் கேட்டு வரவில்லை. பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினாள். என் மகள் எங்கேயோ அடியில் கிடந்தாள். முதல் பக்கத்தில் அண்ணன் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம்.

“அது என்னது?”

“அவிய கோல்டு மெம்பர்.”

மேலே கேட்கவில்லை. கோல்டு என்றால் தங்கம். அது எனக்கும் தெரியும். கவரிங் கடைப் போர்டில் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்குத் தங்கம் போடுகிறவர்களுக்குத்தான் நட்சத்திரம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அண்ணனிடம் ஏது தங்கம்? மழை பொய்த்த கரிசலில் அவருக்கும் எனக்கும் ஒரே விளைச்சல்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் சங்கிலி ஞாபகம் வந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை விற்றதாக அண்ணன் சொல்லியிருந்தார். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். “முந்திக்கிடதுல உங்க அண்ணன அடிச்சிக்கிட ஆளு கிடையாது,” என்றாள் மனைவி. அது தைத்தது. ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. அவர் மகளைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது.

ஒருநாள் அவர் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்க் கேட்டேன்.

“அம்மா சங்கிலி எங்கன இருக்கு?”

“அது வித்தாச்சுல்லா. நீயுந்தான ஆஸ்பத்திரியில நின்ன.”

“பொறவு எப்பிடி கம்ப்யூட்டர்ல உங்களுக்குத் தங்கம்னு போட்டிருக்கு?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிடுங்கிய செடியோடு வரப்பில் உட்கார்ந்தார்.

“ஏலே கூறுகெட்டவனே. பணம் கெட்டுனவங்களுக்கு அவன் வச்ச பேரு அது. ரெண்டு கெடாய வித்துக் கெட்டுனேன். மூணு மாசம் முடிஞ்சா நட்சத்திரத்தப் பிடுங்கிருவான். இதுக்கா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச?”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சட்டைப் பையிலிருந்து போன் நம்பர் எழுதிய ஒரு தாளை எடுத்தார்.

“சாத்தூர் மாப்பிள்ள. மில்லுல வேல. எம் மவளுக்குச் சாதகம் பொருந்தல. உம் மவளுக்குப் பாரு.”

கோபம் போய்விட்டது. பொறாமை போகவில்லை. அவர் கழித்தது என் மகளுக்கா என்று, தாளைக் காலண்டருக்குப் பின்னால் இரண்டு நாள் செருகி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மனைவி அதை எடுத்து என் கையில் வைத்தாள். டெலிபோன் பூத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் எடுத்தார். “ஒங்களுக்கு இந்த நம்பர் யாரு குடுத்தா?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன்,” என்றேன். அதைச் சொல்ல வாய் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.