தட்டிக்கு அந்தப் பக்கம் நடந்த வகுப்பு

1. மூன்றாவது தடவை

குஜிலியம்பாறைப் பக்கத்து அழகம்மாளின் கிணற்று மோட்டார் ஒரே கோடையில் மூன்றாவது தடவையாக எரிந்து வந்தது. நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் பட்டறையில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன், அதாவது எரிந்த மோட்டாருக்குள் புதுச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. முந்தைய இரண்டு தடவையும் அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான்தான். வண்டியிலிருந்து இறக்கும்போதே அழகம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏந் தம்பி, நீ கம்பி சுத்துறியா, வெளக்குத் திரி சுத்துறியா? அம்புட்டுச் சீக்கிரம் பத்திக்கிது!"

பட்டறையே சிரித்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. குனிந்துகொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மொளகாச் செடி பூ வச்சு நிக்கிது தம்பி. இன்னொருக்கா எரிஞ்சா ஆட்டையெல்லாம் அய்யலூர்ச் சந்தையில வித்துப்புட்டு நான் கூலிக்குத்தேன் போகணும்."

பிரித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே மாதிரிக் கருகல். கரண்டு வரும் மூன்று லைனில் ஒன்று போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. அப்படி ஆனால், மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி தானாகவே அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டார்ட்டரையும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் வைத்துச் சோதித்தேன். ஒரு லைனைப் பிடுங்கியதும், தூக்கி வைத்திருந்த கைப்பிடி டக்கென்று விழுந்து கரண்டை நிறுத்தியது. ஒரு குறையும் இல்லை. இங்கே நிற்பது அங்கே ஏன் நிற்கவில்லை?

2. இரண்டு வகுப்பு, ஒரே நேரம்

அந்த வாரம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மோட்டார் மெக்கானிக்குகளுக்காக ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். அச்சடித்த தாளில் காலை பத்து மணிக்கு இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்று, காயில் கட்டும் புது முறை. மற்றது, மோட்டார் எரியாமல் காப்பது. இரண்டாவதற்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன். முதலாளி பாய் அதைப் பார்த்துவிட்டார்.

"எரியாம இருக்கவா படிக்கப் போறே? எரியாட்டி நாம என்னப்பா செய்றது, கடையில உக்காந்து ஈ ஓட்டவா? பேசாம காயில் வகுப்புல போயி உக்காரு."

"சரிங்க பாய்" என்றேன். அழகம்மாளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரே ஹாலை நடுவில் மூங்கில் தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நான் தட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்து வாத்தியார், காயிலுக்கு அடியில் கரண்டு கசியாமல் வைக்கும் புதுக் காகிதத்தை எப்படி மடித்து வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். என் காது அந்தப் பக்கம் இருந்தது.

"ஸ்டார்ட்டர் நல்லா இருக்கு. ஆனா மோட்டார் நிக்கல. ஏன்?" என்று கேட்டது அந்தப் பக்கம் வகுப்பெடுத்த இன்ஜினியரின் குரல். "இந்தா, பாருங்க."

எதையோ தூக்கிக் காட்டுகிறார். தட்டி இடுக்கில் கண்ணை வைத்தேன். ஒருவருடைய வெள்ளைச் சட்டை முதுகுதான் தெரிந்தது.

"இதை மட்டும் எடுத்துருங்கய்யா. மோட்டார் எரியாது."

ஹாலின் அந்தப் பாதி மொத்தமும் சிரித்தது. "எங்க ஊர்லயும் இதே கதைதான் சார்!" என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. எழுந்து அந்தப் பக்கம் போக நாலு எட்டுதான். வகுப்பு நடுவில் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன்.

டீ நேரத்தில் இன்ஜினியர் அருகில் இரண்டு தடவை போய் நின்றேன். அவரே திரும்பி, "என்னங்க?" என்றார்.

"டீ எங்க சார் குடுக்குறாங்க?" என்று கேட்டேன். அவர் கையிலும் டீ, என் கையிலும் டீ.

3. கிணற்றடியில்

இன்ஜினியர் எடுக்கச் சொன்ன அந்தச் சாமான் எது என்று தேடி அழகம்மாளின் ஸ்டார்ட்டரை நாலு தடவை பிரித்து மாட்டினேன். எதை எடுத்தாலும் ஸ்டார்ட்டரே வேலை செய்யாது. கடைசியில், மோட்டாரை நானே கொண்டுபோய் மாட்டுகிறேன் என்று பாயிடம் சொன்னேன். "நீயா? அங்க போயி பேசவாவது செய்வியா?" என்றார். ஆனால் விட்டார்.

கிணற்றடியில் எல்லாம் மாட்டி, கைப்பிடியைத் தூக்கினேன். தண்ணீர் கொட்டியது. அழகம்மாள் மோட்டார் அறை ஆணியில் தொங்கிய பழைய சேலைக் கிழிசலை எடுத்தார். தூக்கிய கைப்பிடியை ஆணியோடு சேர்த்து, சடை பின்னுவதுபோல அழகாக மூன்று முடிச்சுப் போட்டார்.

"இதென்னக்கா?"

"கரண்டு போனா இது விழுந்துருது தம்பி. நான் ஆட்டுக்குப் பின்னால போவேனா, இதுக்குக் காவல் கெடப்பேனா? கட்டி வச்சுட்டா, கரண்டு வந்ததும் தன்னால ஓடும்."

"பட்டறைக்கு வந்தப்ப ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். ஒரு லைன் போனதும் கைப்பிடி விழுவதுதான் மோட்டாருக்குக் காவல், கட்டிவிட்டால் மோட்டார் நிற்காமல் ஓடி எரியும் என்று விளக்கினேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "அப்ப ஒவ்வொருக்காவும் நான் ஓடியாரணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மிளகாய்ச் செடியைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, கிழிசலைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டார். அந்தக் கோடையில் மோட்டார் மறுபடி வரவில்லை. அவரிடமிருந்து மிளகாய் வற்றல் ஒரு பைதான் வந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எரிந்த மோட்டார் வந்தால், அது ஓடிய இடத்தைப் போய்ப் பாருங்கள். அதை ஓட்டியவரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

ஆனால் அன்று இன்ஜினியர் தூக்கிக் காட்டியது அப்படிக் கைப்பிடியைக் கட்டும் ஒரு கயிறோ கிழிசலோதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுவாகத்தான் இருக்கும். இருந்தாலும், அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனம் தட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவர் கையைத் தூக்கும்போது பார்க்க வேண்டும், அவர்களோடு சேர்ந்து நானும் ஒரு தடவை சத்தமாகச் சிரிக்க வேண்டும் என்று இருக்கிறது.